கிராமுக்கு 20 பைசா என்றால் கிலோ எவ்வளவு?

கேள்வி: சார், திருச்சி உறையூரில் இருக்கிறோம். நான், கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள். மளிகைக்கு மட்டும் மாதம் பத்தாயிரம் ஆகிவிடுகிறது. "எதுவானாலும் பெரிய பாக்கெட்டாக எடு, அதுதான் மலிவு" என்பது கணவர் கட்சி. மாமியாருக்கு அண்ணாச்சி கடையில் நூறும் இருநூறுமாக வாங்கினால்தான் திருப்தி. போன வாரம் சூப்பர் மார்க்கெட்டில் சன்ஃபிளவர் எண்ணெய் பார்த்தேன். ஒரே கம்பெனி. 1 லிட்டர் பாக்கெட் 182 ரூபாய், 870 கிராம் பாக்கெட் 171, 5 லிட்டர் கேன் 935. ஒன்றில் யுஎஸ்பி 0.20 என்று இருக்கிறது, இன்னொன்றில் 187 என்று இருக்கிறது. நின்று நின்று பார்த்துவிட்டு, தலை சுற்றி, வழக்கமான லிட்டர் பாக்கெட்டையே எடுத்து வந்துவிட்டேன். எது லாபம்? தீபாவளிப் பலகாரத்துக்கு 15 லிட்டர் டின் வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. 2,730 ரூபாய். 15 கிலோ டின்னும் இருக்கிறதாம், அது 195 ரூபாய் அதிகமாம். எதை எடுக்கலாம்?
– உறையூர் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

தலை சுற்றியதில் ஆச்சரியமே இல்லை. உங்கள் முன்னால் இருந்த மூன்றும் மூன்று அளவு. ஒன்று ஒரு லிட்டர், ஒன்று கிராம் கணக்கு, ஒன்று ஐந்து லிட்டர். விலையை விலையோடு ஒப்பிட்டுப் பிரயோஜனமில்லை. முதலில் மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். எண்ணெய்க்கு நான் எப்போதும் கிலோவுக்குத்தான் கொண்டுவருவேன். காரணம் பின்னால் வருகிறது.

லிட்டர் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 1 லிட்டர் என்று போட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே 910 கிராம் என்று எடையும் இருக்கும். எண்ணெய் தண்ணீரைவிட லேசு, அதனால்தான் அது தண்ணீர் மேல் மிதக்கிறது. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான் நிற்கும். சரி, இப்போது கணக்கு. 182 ரூபாயை 0.91-ஆல் வகுத்தால் கிலோ 200 ரூபாய். 870 கிராம் பாக்கெட், 171-ஐ 0.87-ஆல் வகுத்தால் கிலோ 196 ரூபாய் 55 காசு. ஐந்து லிட்டர் கேனில் இருப்பது 4.55 கிலோ, 935-ஐ அதனால் வகுத்தால் கிலோ 205 ரூபாய் 50 காசு.

ஆக, நீங்கள் கடையில் பார்த்த மூன்றில் பெரியதுதான் கிலோ கணக்கில் விலை கூடியது. அந்தக் கேனுக்கும், அதன் கைப்பிடிக்கும் மூடிக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். எண்ணெயில் இது அடிக்கடி நடக்கிற விஷயம். கேனில் கிடைப்பது வசதி, மலிவு அல்ல. கணவரிடம் இதைச் சொல்லும்போது கொஞ்சம் பதமாகச் சொல்லுங்கள், ஏனென்றால் வேறு சில பொருள்களில் அவர் சொல்வது சரியாகவே இருக்கும்.

இனி அந்த யுஎஸ்பி. யூனிட் சேல் பிரைஸ் என்பதன் சுருக்கம் அது, ஓர் அலகுக்கு என்ன விலை என்பது. பொட்டலப் பொருள்களுக்கான எடையளவு விதிகளை மத்திய அரசு 2021-ல் திருத்தியபோது இதை அச்சிட வேண்டும் என்று கொண்டுவந்தது. அமலுக்கு வரும் தேதியைச் சில முறை தள்ளிப்போட்டு, பிறகு நடைமுறைக்கு வந்தது. அதே திருத்தத்தில் இன்னொன்றும் நடந்தது, அது பலருக்குத் தெரியாது. அதற்கு முன்பு எண்ணெய், டீ, காபி, பிஸ்கட், சோப்பு, உப்பு, மாவு, பருப்பு என்று 19 பொருள்களை இன்னின்ன அளவில்தான் பொட்டலம் போடலாம் என்று ஒரு பட்டியல் இருந்தது. 100 கிராம், 200 கிராம், 500 கிராம், 1 கிலோ என்று உருண்டையான எண்களில் நமக்குப் பழகிப்போனதற்கு அந்தப் பட்டியலும் ஒரு காரணம். பட்டியலை எடுத்துவிட்டார்கள். எந்த அளவில் வேண்டுமானாலும் போட்டுக்கொள், ஆனால் அலகு விலையை அச்சிடு என்பது ஏற்பாடு. 870 கிராம், 850 மில்லி என்றெல்லாம் எண்ணெய் பாக்கெட்டுகள் வந்தது இப்படித்தான். லிட்டர் பாக்கெட் போலவே உயரம், அகலம், அதே படம். கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியாது.

ஏற்பாடு நல்லதுதான், ஆனால் அச்சிடும் முறையில் ஒரு சிக்கல் இருக்கிறது, உங்களைக் குழப்பியதும் அதுதான். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலம் என்றால் கிராமுக்கு என்ன விலை என்று போட வேண்டும். ஒரு கிலோவுக்கு மேல் போனால் கிலோவுக்கு என்ன விலை என்று போட வேண்டும். மில்லிக்கும் லிட்டருக்கும் இதே கதை. அதனால் 870 கிராம் பாக்கெட்டில் 0.20, அதாவது கிராமுக்கு 20 பைசா. 5 லிட்டர் கேனில் 187, அது லிட்டருக்கு. லிட்டர் பாக்கெட்டில் அதன் விலையும் அலகு விலையும் ஒன்றே என்பதால் தனியாகப் போடாமலும் விடலாம். கிராம் கணக்கில் இருப்பதை ஆயிரத்தால் பெருக்கினால் கிலோ விலை வந்துவிடும். 0.20 என்றால் 200 ரூபாய்.

பொறுங்கள், நாம் கணக்குப் போட்டபோது 196.55 தானே வந்தது? புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கத்தோடு நிறுத்திவிடுவதால் வருகிற வித்தியாசம் இது. கிராமுக்கு 19.65 பைசா என்பதை 0.20 என்று முழுமையாக்கிவிடுகிறார்கள். கிலோவுக்கு 195 ரூபாயாக இருந்தாலும் 0.20, 204 ரூபாயாக இருந்தாலும் 0.20. ஒன்பது ரூபாய் அந்த இரண்டு இலக்கத்துக்குள் காணாமல் போகிறது. ஏலக்காய், முந்திரி மாதிரி கிராமே பல பைசா, ரூபாய் போகிற பொருளில் இது ஒரு பொருட்டில்லை. உப்பு, மாவு, சர்க்கரை, எண்ணெய் மாதிரி கிராமுக்குச் சில்லறைப் பைசா போகிற பொருளில், இரண்டு கம்பெனியும் 0.05 என்று காட்டும், நிஜத்தில் கிலோவுக்கு எட்டு ஒன்பது ரூபாய் வித்தியாசம் இருக்கும். அங்கே அச்சிட்டதை நம்பாமல் செல்போனில் வகுத்துவிடுங்கள். விலை வகுத்தல் கிராம், பெருக்கல் ஆயிரம். அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், யுஎஸ்பி என்பது எம்ஆர்பியை வைத்துப் போட்ட கணக்கு. கடையில் பில் போடும்போது எம்ஆர்பியிலிருந்து குறைக்கிறார்கள் இல்லையா, அந்தக் குறைப்பு கம்பெனி அச்சிட்ட எண்ணில் வராது. உதாரணத்துக்கு, உங்கள் லிட்டர் பாக்கெட்டுக்குக் கடைக்காரர் 12 ரூபாய் தள்ளுபடி கொடுத்து 170-க்குப் போட்டால் கிலோ 187 ரூபாய் ஆகிவிடும். 870 கிராமுக்குத் தள்ளுபடி இல்லையென்றால் நீங்கள் வழக்கமாக எடுக்கிற பாக்கெட்டே ஜெயித்துவிடும். ஆகவே பில்லைத் தேடி எடுத்துப் பாருங்கள். ஒருவேளை நீங்கள் தலைசுற்றி எடுத்ததே சரியாக இருந்திருக்கலாம்.

வகுக்க முடியாத நேரத்தில் நான் செய்வது இது. கூடுதலாக எத்தனை கிராம் கிடைக்கிறது, அதற்குக் கூடுதலாக எவ்வளவு கேட்கிறார்கள் என்று மட்டும் பார்ப்பேன். 200 கிராம் டீத்தூள் 110, 250 கிராம் 145 என்றால், கூடுதல் 50 கிராமுக்கு 35 ரூபாய் கேட்கிறார்கள். முதல் 200 கிராமில் ஒவ்வொரு ஐம்பதுக்கும் 27 ரூபாய் 50 காசுதான் ஆகிறது. அப்படியானால் பெரியதை ஏன் எடுக்க வேண்டும்? மனக்கணக்கிலேயே முடிந்துவிடும். ஆஃபர் அட்டைகளுக்கும் இதே மாதிரி ஒரு பார்வை உதவும். "20 சதவீதம் கூடுதல்" என்பதும் "20 சதவீதம் தள்ளுபடி" என்பதும் ஒன்றல்ல. 100 ரூபாய்க்கு 500 கிராம் விற்கிற பொருளில் கூடுதல் கொடுத்தால் 600 கிராம், கிலோ 166 ரூபாய் 67 காசு. தள்ளுபடி கொடுத்தால் 80 ரூபாய்க்கு 500 கிராம், கிலோ 160. தள்ளுபடிதான் மேல். ரொக்கமும் கையில் மிஞ்சுகிறது.

இப்போது கணவர் கட்சிக்கு வருவோம். பெரிய பொட்டலம் மலிவாக இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. உறை, அச்சு, அடைக்கிற கூலி எல்லாம் எடையோடு அதே விகிதத்தில் ஏறுவதில்லை. அரிசி, பருப்பு, சர்க்கரை, துணி சோப்புத்தூள் இவற்றில் பெரும்பாலும் பெரியதுதான் லாபம். ஆனால் ஷாம்புவைப் பாருங்கள், தலைகீழ். ஓர் உதாரணத்துக்கு 6 மில்லி சாஷே 2 ரூபாய், 180 மில்லி பாட்டில் 126 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முப்பது சாஷே சேர்ந்தால் அதே 180 மில்லி, 60 ரூபாய்தான். பாட்டில் இரண்டு மடங்குக்கு மேல். சாஷேயில் ஷாம்பு விற்கும் வழியைக் காட்டியவர் நம் கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன். அன்றிலிருந்து ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயத்துக்குள் எவ்வளவு மில்லி அடைக்கலாம் என்று கம்பெனிகளுக்குள் போட்டி. பாட்டில் வாங்குகிறவர் அவ்வளவு கறாராகக் கணக்குப் பார்ப்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். இதில் இன்னொரு வேடிக்கை, 10 கிராம், 10 மில்லிக்கு மேற்படாத சின்னப் பொட்டலங்களுக்கு இந்த அச்சிடும் விதிகள் பொருந்தாது. லாபமான பொருளில் லாபம் என்று எழுதியிருக்காது, நீங்களே வகுத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதே நாணயக் கணக்கு பிஸ்கட்டில் எதிர்ப்பக்கமாக வேலை செய்யும். 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட்டின் விலையைக் கம்பெனி தொடாது, தொட்டால் விற்பனை படுத்துவிடும். அதற்குப் பதிலாகக் கிராமைக் குறைக்கும். பிள்ளைகள் "பாக்கெட்ல காத்துதான் இருக்கு" என்று சொன்னால் சிரித்துவிட்டு விடாதீர்கள், பின்பக்கம் எடையைப் பாருங்கள்.

அரிசி மூட்டையில் ஒரு தமிழ்நாட்டு விசேஷம் உண்டு. 2022 ஜூலையில் பெயர் அச்சிட்டு அடைத்து விற்கும் அரிசிக்கு, 25 கிலோ வரை, 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. உடனே நம் அரிசி ஆலைகள் 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்துவிட்டன. 25 கிலோவுக்கு மேற்பட்டால் அந்த வரி கிடையாது.  ஒரு கடையில் 25 கிலோ 1,500, அடுத்த கடையில் 26 கிலோ 1,534 என்றால், 34 ரூபாய் கூட என்று முகம் சுளிக்காதீர்கள். முதலாவது கிலோ 60, இரண்டாவது 59.

இவ்வளவு நேரம் பேசியது கடையில் போடுகிற கணக்கு. இதோடு நிறுத்திக்கொண்டால் பாதிதான். நான் வேலை பார்த்தது கோவைப் பக்கத்து நூற்பாலைகளில், காஸ்ட் அக்கவுண்டன்டாக. அங்கே பஞ்சை கேண்டி கணக்கில் வாங்குவார்கள், ஒரு கேண்டி 356 கிலோ. கேண்டி விலை குறைவாக இருக்கிறது என்று எந்த மில்லிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க மாட்டார்கள். அந்தப் பஞ்சில் தூசும் கழிவும் போக எத்தனை கிலோ நூல் இறங்கும் என்று பார்த்து, நூலுக்குத்தான் விலை போடுவார்கள். சமையலறையிலும் வகுக்க வேண்டியது பாக்கெட்டின் எடையால் அல்ல, இலையில் வந்து விழுகிற அளவால்.

உளுந்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் இரண்டு தினுசு, கிலோ 130, கிலோ 145. 130 ரூபாய் உளுந்து மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு கேட்கிறது. 145 ரூபாய் உளுந்து கிரைண்டரில் பொங்கி வழிகிறது, நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கே போதும். 12 கிலோ இட்லி அரிசிக்கு முதலாவது 4 கிலோ, 520 ரூபாய். இரண்டாவது 3 கிலோ, 435 ரூபாய். விலை குறைந்த உளுந்து 85 ரூபாய் நஷ்டம். இதைப் பாக்கெட்டில் எவனும் அச்சிட மாட்டான். உங்கள் மாமியாருக்கு, உளுந்தைக் கையில் அள்ளிப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். பழைய அரிசியும் அப்படித்தான், புது அரிசியைவிடக் கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் கூடுதலாக இருந்தாலும் சோறு காணும்.

காபித்தூள் இதைவிட நைச்சியமானது. காபி–சிக்கரி கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அந்த விகிதத்தைப் பாக்கெட்டிலும் போட்டாக வேண்டும். 80:20 கலவை அரைக் கிலோ 375, 60:40 கலவை அரைக் கிலோ 285 என்று வைப்போம். 90 ரூபாய் மிச்சம் மாதிரி தெரிகிறது. முதலாவதில் காபி 400 கிராம், இரண்டாவதில் 300 கிராம். காபிக்கு மட்டும் வகுத்தால் முதலாவது கிலோ 937.50, இரண்டாவது 950. சிக்கரிக்கும் ஒரு விலை உண்டு, நிறமும் திடமும் அது தருகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மலிவாக வாங்கிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, டிகாஷன் இறங்கவில்லையே என்று இன்னொரு கரண்டி போடுகிறவர்கள் நிறையப் பேர். பெருங்காயத் தூளிலும் இப்படித்தான், மாவும் பிசினும் கலந்த கூட்டுப் பெருங்காயம் அது. கிராம் விலை பாதி என்றால், சாம்பாருக்கு எத்தனை சிட்டிகை போட வேண்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கொட்டை எடுத்த புளி, கொட்டையோடு புளி. உரித்த கடலை, தோலோடு கடலை. இவற்றை நான் விளக்க வேண்டியதில்லை.

பெரிய பாக்கெட்டில் இன்னொரு ஓட்டை, வீணாவது. 5 கிலோ கோதுமை மாவு 220, ஒரு கிலோ 48 என்றால், ஐந்து கிலோவில் மிச்சம் 20 ரூபாய். கடைசி அரைக் கிலோவில் வண்டு வந்து கொட்டினால் போனது 22 ரூபாய். எண்ணெய்க்கு இன்னும் ஒன்று சேரும். வீட்டில் ஐந்து லிட்டர் கேன் இருக்கிற வாரத்தில் அப்பளம் அடிக்கடி பொரியும். கேன் காலியாகும் தறுவாயில் கை தானாகச் சுருங்கும். இதற்கு எந்தக் கணக்கும் வேண்டாம், உங்கள் அடுப்பையே பாருங்கள். செக்கெண்ணெய் வாங்குகிறவர்கள், நெடுநாள் வைத்தால் காறல் அடிக்கும் என்பதையும் யோசித்து வாங்குங்கள்.

மாமியார் கட்சியையும் கேட்போம். அண்ணாச்சி கடையில் நூறு கிராம் பருப்பு 16 ரூபாய் என்றால் பத்தால் பெருக்கினால் கிலோ 160. பாக்கெட் பருப்பு கிலோ 168 என்றால் மாமியார் பக்கம்தான் நியாயம், உறைக்கும் விளம்பரத்துக்கும் காசு கொடுக்கவில்லை. ஆனால் ஐம்பது கிராம் கேட்டால் 8 ரூபாய்க்குப் பதில் 9 ரூபாய் என்று முழுதாக்கிவிடுவார்கள். அங்கே கிலோ 180 ஆகிவிடுகிறது. நூறுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தராசு முன்னால் நிற்கும்போது காலித் தட்டில் பூஜ்யம் காட்டுகிறதா என்று ஒரு பார்வை. இனிப்புக் கடைகளில் அட்டைப் பெட்டியையும் சேர்த்து நிறுத்தால் "பெட்டியை எடுத்துட்டு நிறுங்க" என்று கூச்சப்படாமல் கேளுங்கள், நெய் மைசூர்பாகு விலையில் யாரும் அட்டை வாங்க வேண்டியதில்லை. மாதக் கடைசியில் நோட்டில் எழுதிக்கொண்டு கொடுக்கிறாரே அண்ணாச்சி, அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. சூப்பர் மார்க்கெட் அதைச் செய்யாது. அங்கே போவதற்குச் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, சரிதான். மூட்டையோடு திரும்பி வர ஆட்டோ எடுத்தால் அந்தக் கூலியையும் வாங்கின சாமான் மேல் ஏற்றித்தான் ஒப்பிட வேண்டும்.

அப்புறம், ரேஷனை விட்டுவிடாதீர்கள். கார்டுக்குத் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். எந்தக் கடையிலும் எந்த ஆஃபரிலும் இந்த அலகு விலை கிடைக்காது. பாமாயில் பிடிக்காது என்பவர்கள்கூட பலகாரத்துக்கு அதைக் கலந்துகொள்கிறார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லாச் சாமானுக்கும் வகுக்க ஆரம்பித்தால் வீட்டில் உலை கொதிக்காது. மில் ஸ்டோரில் ஆயிரக்கணக்கான சாமான் இருக்கும், ஆனால் பணத்தில் பெரும்பங்கு சில சாமான்களிலேயே போய்விடும். அவற்றை ஏ வகுப்பு என்று தனியாகப் பிரித்து, அதற்கு மட்டும் பைசா பைசாவாகக் கணக்குப் பார்ப்போம். நட்டு, போல்ட்டுக்கு யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டோம். உங்கள் பத்தாயிரத்திலும் அரிசி, எண்ணெய், பருப்பு, உளுந்து, காபி, நெய், துணி சோப்புத்தூள் இந்த ஏழுதான் ஏ வகுப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன். உப்பு கிலோ 25 ரூபாய், அதில் பத்து சதவீதம் மிச்சம் பிடித்தாலும் மாதம் இரண்டரை ரூபாய். கடுகு, சோம்பு, மிளகெல்லாம் கையில் கிடைத்ததை எடுங்கள். ஏழு சாமானுக்கும் நாள்காட்டிக்குப் பின்னால் கிலோ விலையை மட்டும் எழுதி வையுங்கள், தேதியோடு. பாக்கெட் விலையை எழுதாதீர்கள், அடுத்த தடவை அளவு மாறியிருக்கும். கிலோ விலை இருந்தால் கிராமைக் குறைத்து விலையை அப்படியே விட்டிருக்கிறார்களா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். துணி சோப்புத்தூளுக்கு மட்டும் கிலோ விலை போதாது, ஒரு தடவைக்கு எவ்வளவு போடச் சொல்லியிருக்கிறது என்று பார்த்து, ஒரு கிலோ எத்தனை தடவை வரும் என்று எழுதுங்கள்.

பாக்கெட்டில் அலகு விலை போட வேண்டிய இடத்தில் போடாமல் இருந்தாலோ, எம்ஆர்பிக்கு மேல் வாங்கினாலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லலாம். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைப் பார்க்கிறவர்கள் தொழிலாளர் துறை ஆய்வாளர்கள், அவர்களிடமும் எழுதிக் கொடுக்கலாம்.

கடைசியாக, தீபாவளி டின். எண்ணெயைக் கிலோவுக்குக் கொண்டுவரச் சொன்னேனே, அதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. 15 லிட்டர் டின்னில் இருக்கும் எண்ணெய் 13.65 கிலோ. 2,730-ஐ அதனால் வகுத்தால் கிலோ 200 ரூபாய், உங்கள் லிட்டர் பாக்கெட் விலையேதான், ஒரு காசு மிச்சமில்லை. 15 கிலோ டின் 2,925, கிலோ 195. பார்வைக்கு இரண்டு டின்னும் ஒரே மாதிரி இருக்கும், 15 என்ற எண்ணும் ஒன்றே. 195 ரூபாய் அதிகம் கொடுத்து 1.35 கிலோ அதிகம் எடுக்கிறீர்கள். அந்த எண்ணெயைத் தனியாகப் பாக்கெட்டில் வாங்கினால் 270 ஆகும். அக்காவிடம் கிலோ டின்னே எடுக்கச் சொல்லுங்கள், ஆளுக்கு ஏழரை கிலோ. டின் மேல் நிகர எடை 15 கிலோ என்று இருக்கிறதா என்று மட்டும் படித்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சில் கடையில் கிலோவும் லிட்டரும் கலந்துபோகும்.

இரண்டு வீட்டிலும் சேர்த்து அதை இரண்டு மாதத்தில் தீர்க்க முடியுமா என்று முதலில் பேசிக்கொள்ளுங்கள். தீர்க்க முடியாதென்றால் டின்னே வேண்டாம். பிரிக்கும்போது பாட்டில் கணக்கில் ஊற்றாதீர்கள், பாட்டிலுக்குப் பாட்டில் அளவு மாறும். காலிப் பாத்திரத்தை முதலில் நிறுத்து, ஊற்றிய பிறகு மறுபடி நிறுத்துக் கழித்துக்கொள்ளுங்கள், அண்ணாச்சி கடைத் தராசிலேயே வைத்துக் கொடுப்பார். காலி டின் யாருக்கு என்பதை மட்டும் நீங்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், அதில் நான் தலையிடவில்லை.